பாதியில் நின்ற மருந்து

புரசைவாக்கம், சென்னை
9 ஜூலை 1939

தம்பி சின்னுசாமிக்கு,

இன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம் ஜூலை மாதம் ஒன்பதாம் தேதி. எனக்கு வயது அறுபது, இரண்டு மாதம், ஐந்து நாள். இதை எழுதக் காரணம் உண்டு. போன வாரம் சூரமங்கலம் ஸ்டேஷனில் எங்களை ரயிலேற்றிவிட்டபோது, "வயசான காலத்துல உங்களுக்கு இந்தத் தொந்தரவு" என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். ஆஸ்பத்திரியிலும் பொறுப்பாளர் என்று என் வயதைக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்லிவிட்டேன். இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

சரவணமுத்துவைச் செவ்வாய்க்கிழமை சேர்த்தாயிற்று. வழியில் அவன் எந்தச் சிரமமும் கொடுக்கவில்லை. ஜோலார்பேட்டையில் இட்டிலி வாங்கிக் கொடுத்தேன். நான் ஒரு விள்ளல் தின்று காட்டிய பிறகுதான் தின்றான். சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. கிணற்று உருளை தன்னைப் பெயர் சொல்லித் திட்டுகிறது என்று டாக்டரிடம் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. என்ன சொல்லித் திட்டுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் அவனை அறிந்த நம்மில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு டாக்டர் அவன் மணிக்கட்டில் இருந்த கயிற்றுத் தழும்பைப் பார்த்தார். "காளையைக் கட்டும்போது தும்பு அறுத்துருச்சுங்க" என்றான். இரண்டு கையிலுமா என்று அவர் கேட்டார். "ரெட்டை மாடுங்க" என்றான். தகப்பனாகிய உன்னைக் காப்பாற்ற இத்தனை வேகமாகப் பொய் சொல்லத் தெரிந்தவனுக்கு அறிவு முழுவதும் போய்விட்டது என்று நான் நம்புவதாக இல்லை.

குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இந்த நோய் உண்டா என்று விசாரித்தார். நம் இரத்தத்தில் நான் அறிந்தவரை இல்லை என்றேன். இதை இதற்கு முன் அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். முப்பது வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை வகித்தவள் எதைத்தான் பார்க்கவில்லை என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தேன்.

புதிய வைத்தியம் ஒன்று இருக்கிறதாம். மூன்று மாதம் பிடிக்கும். குணமாகும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. சத்தியம் செய்யாத வைத்தியர் ஒருவரை இந்தக் குடும்பம் முதல் முறையாகப் பார்க்கிறது. ஒரு மாதத்துக்கு யாரும் வர வேண்டாம்.

பதில் எழுதும்போது க்ஷேமம், உபயக்ஷேமம் என்று அரைப் பக்கத்தை வீணாக்காதே. விஷயத்தை எழுது.

முத்தாயம்மாள்


ஆட்டையாம்பட்டி
17 ஜூலை 1939

அக்காவுங்களுக்குத் தம்பி சின்னுசாமி வணக்கமாய் எழுதுவது.

உங்க மாதிரி எனக்கு எழுத வராதுங்க. பேசற மாதிரியே எழுதறேன், பொறுத்துக்குங்க.

கடுதாசியை அவனைப் பெத்த பொன்னாத்தாளுக்குப் படிச்சுக் காட்டினேன். "ரெட்டை மாடுங்க"ன்னு வந்த எடத்துல சிரிச்சுட்டா. இந்த ஊட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு ஆறு மாசம் ஆச்சுங்க. பொறவு அடுப்படிக்குள்ள போனவ ரொம்ப நேரம் வெளியில வரலை.

கட்டிப்போட்டது நெசந்தானுங்க. ஒளிக்கலை. கெணத்து மேட்டுல காலை உள்ளே தொங்கப் போட்டுக்கிட்டு, உருளைகிட்ட ஞாயம் பேசிக்கிட்டிருந்தான். பண்ணையத்து ஆளு ஆண்டி பார்த்துப் பின்னாலருந்து புடிச்சு இழுக்கலைன்னா என்ன ஆயிருக்குமோ. அப்புறந்தான் பருத்திக் கொட்டாய்க்குள்ள கட்டினேன். துணி சுத்தி அதுக்கு மேலதான் கயிறு போட்டேன். அவன் திமிறினதுல துணி நழுவிப் போச்சு. நீங்க அன்னைக்கு இங்க இருந்திருந்தா என்ன செய்திருப்பீங்க? எழுதுங்க, தெரிஞ்சுக்கறேன்.

ஊருல ஒருத்தருக்கும் சொல்லலை. பட்டணத்துல வக்கீல் ஆபீசுல குமாஸ்தா வேலை கத்துக்கப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். திருச்செங்கோட்டுக் கந்தப்ப மச்சானுக்கும் அதேதான் சொன்னேன். அவரு மக வசந்தாமணி நம்ம பையனுக்குத்தான்னு அது தொட்டில்ல கெடந்த நாள்லருந்தே பேச்சு. பொன்னாத்தாளுக்குக் கூடப்பொறந்தவரு அவரு ஒருத்தர்தான். அந்த ஒறவு விட்டுப் போனா அவ தாங்க மாட்டா. அதனால நீங்க யாருக்காச்சும் எழுதினா வக்கீல் ஆபீசுன்னே எழுதுங்க.

நம்ம அப்பா இருந்திருந்தா இதுக்கு ஒரு ரோசனை சொல்லியிருப்பாரு. ஊரே எதுத்து நின்னப்பக்கூட, தாலியறுத்த தம் பொண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வெச்ச மனுசனுங்க அவரு. அந்தத் தைரியம் எனக்கு வரலை.

பொன்னாத்தா எள்ளுருண்டை புடிச்சு அனுப்பறா. அவன்கிட்டக் குடுங்க.

தம்பி
சின்னுசாமி


புரசைவாக்கம்
20 ஆகஸ்டு 1939

தம்பி சின்னுசாமிக்கு,

உன் கேள்விக்குப் பதில்: நானும் கட்டித்தான் இருப்பேன். ஆனால் அன்றைக்கே எனக்குக் கடிதம் எழுதியிருப்பேன். நீ கயிற்றை நம்பி ஒரு மாதம் முழுவதும் காத்திருந்தாய். அதுதான் வித்தியாசம். இதை இத்தோடு விடலாம்.

வைத்தியம் நடக்கும் விதத்தை நீ தெரிந்துகொள்வது நல்லது. முதல் மாதம் உடம்பைத் தேற்றிவிட்டு, இந்த மாதத் தொடக்கத்தில்தான் வைத்தியத்தை ஆரம்பித்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் இன்சுலின் ஊசி போடுகிறார்கள். நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுக்கும் மருந்துதான், அளவு அதிகம். சற்று நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி, நினைவு தப்பிவிடும். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி கட்டிலருகே நிற்பார். குறித்த நேரம் வந்ததும் மூக்கின் வழியே குழாய் செலுத்திச் சர்க்கரைத் தண்ணீர் இறக்குவார்கள். அவன் கண் விழிப்பான். பார்க்க நன்றாக இராது. முதல் நாள் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டாம் நாளிலிருந்து திரும்புவதில்லை.

விழித்த அரை மணி நேரம் அவனுக்கு மனம் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. அப்போது தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து பேச வேண்டும், ஊட்ட வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. ஆகவே தினமும் காலையில் நான் போய்விடுகிறேன். முதல் வாரம் என்னை யார் என்று கேட்டான். அடுத்த வாரம் "அத்தை, மயிலைக் காளைக்குத் தண்ணி காட்டியாச்சுங்களா?" என்றான். காட்டியாயிற்று என்றேன். நேற்று நான் தின்று காட்டாமலே ரொட்டியை எடுத்துத் தின்றான். உருளையின் சத்தம் தூரத்தில் கேட்கிறதாம், வார்த்தை புரியவில்லையாம். டாக்டர் இதை முன்னேற்றம் என்கிறார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

எள்ளுருண்டை வந்தது. மூன்றாவதைக் கடித்தபோது "அத்தை, இதுல என்னமோ கலந்திருக்கு" என்றான். வழக்கமான பயம் என்று நினைத்து அவனைச் சமாதானப்படுத்தினேன். பார்த்தால் உள்ளே செப்புத் தாயத்து. உணவில் ஏதோ கலந்திருக்கிறது என்று அஞ்சி நோயாய்க் கிடப்பவனுக்கு, உணவில் ஒன்றைக் கலந்து அனுப்பிய தாயை நான் என்னவென்று சொல்வது? தாயத்து இடுப்பில் கட்டுவதற்கு. பல்லுக்கு அல்ல. அவளைத் திட்டாதே. நான் திட்டினேன் என்று மட்டும் சொல்.

கந்தப்பனிடம் உண்மையைச் சொல்லிவிடு. வக்கீல் ஆபீசு என்று நான் யாருக்கும் எழுத மாட்டேன். கேட்டவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதுகிறேன். அது உண்மை.

அப்பாவின் தைரியத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றிப் பேச இது சமயமில்லை.

முத்தாயம்மாள்


ஆட்டையாம்பட்டி
18 செப்டம்பர் 1939

அக்காவுங்களுக்கு வணக்கம்.

சண்டை ஆரம்பிச்சுட்டதாச் சேலத்துல பேப்பர்ல போட்டிருக்காங்களாம். சீமையிலருந்து வார மருந்தெல்லாம் இனிமே வருமோ வராதோன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. எனக்கு வெசனம் புடிச்சுக்கிச்சு.

பையன் தெளிஞ்சுட்டான்னு இந்த மாசம் வந்த உங்க ரெண்டு கடுதாசியிலயும் எழுதியிருந்தீங்க. பொன்னாத்தாளுக்கு அவன் கைப்பட எழுதின கார்டும் வந்துது. "அம்மா, தாயத்து கெடைச்சுது, பல்லு பத்திரம்"னு எழுதியிருக்கான். இப்படி எழுதறவனுக்கு இன்னமும் எதுக்குங்க ஊசி?

கந்தப்ப மச்சான் நேர்ல வந்து கேட்டுட்டாருங்க. வசந்தாமணிக்குப் பதினேழு முடியப் போவுது, பரமத்திப் பக்கத்துலருந்து ஒரு எடம் வந்திருக்குது, இனிமேலும் என்னைக் காக்க வெச்சா எப்படின்னாரு.  எங்க ரெண்டு பேருக்கும் தூக்கமே இல்லை. கடைசியில வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அம்மன்கிட்டப் பூக் கேட்டோம். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில கட்டி முன்னால வெச்சு, தை மாசம் கண்ணாலம் வைக்கலாமான்னு கேட்டோம். பூசாரி பேத்தி எடுத்துக் குடுத்தா. வெள்ளைதானுங்க வந்துது. பொன்னாத்தா அங்கயே உழுந்து கும்புட்டா.

நம்ம ஊட்டுல இதுவரைக்கும் பூக் கேக்காம ஒரு நல்லது நடந்ததில்லை. கெணறு வெட்டினதும் அப்படித்தான், உங்களுக்கும் எனக்கும் கண்ணாலம் பண்ணினதும் அப்படித்தான். உத்தரவு குடுத்த பொறவு நாம தயங்கினா நல்லா இருக்காதுங்க. தவிரவும், ஒரு பொண்ணு ஊட்டுக்கு வந்துட்டா அவனுக்கும் ஒரு புடிப்பு வந்துரும், தன்னால தெளிஞ்சுருவான்னு பெரியவங்க எல்லாரும் சொல்றாங்க.

பொரட்டாசி கடைசியில வாரேன். கூட்டிக்கிட்டுப் போறதுக்குத் தயார் பண்ணி வைங்க.

தம்பி
சின்னுசாமி


புரசைவாக்கம்
21 செப்டம்பர் 1939

தம்பி சின்னுசாமிக்கு,

வர வேண்டாம்.

தெளிந்துவிட்டான் என்று நான் எழுதவில்லை. தெளிந்து வருகிறான் என்று எழுதினேன். வைத்தியம் பாதிதான் ஆகியிருக்கிறது. பாதியில் நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கே போய்விடுவார்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மருந்து விஷயத்தில் உன் கவலை நியாயம். ஆனால் அது உன் முடிவுக்கு எதிரான காரணம். இப்போது வைத்தியத்தில் இருப்பவர்களுக்குக் கையிருப்பில் எடுத்து வைத்திருக்கிறார்கள். விட்டுப் போனவன் திரும்பி வந்தால் அவனுக்கு மருந்து இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

பூக் கேட்டதைப் பற்றி. நான் அம்மனைக் குறை சொல்லவில்லை. கேட்ட உங்களைச் சொல்கிறேன். தை மாதம் கல்யாணம் வைக்கலாமா என்று கேட்டீர்கள். பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பெண்ணுக்கு அது தெரியாது, தெரியாமலே கட்டி வைக்கப் போகிறோம், சரியா என்று கேட்டீர்களா? அம்மனிடமும் பாதியை மறைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு எந்தப் பூ வந்தால் என்ன?

ஒரு பெண் வந்தால் தெளிந்துவிடுவான் என்று சொன்ன பெரியவர்கள் யார்? அவர்களில் எவராவது தம் பெண்ணைக் கொடுக்க முன்வந்தார்களா? பதினேழு வயதுப் பெண் உன் வீட்டில் வந்து என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்? டாக்டரும் நர்சுகளும் முறை வைத்துச் செய்வதை அவள் தனியாக, தெரியாத ஊரில், ஒருவரும் எதையும் சொல்லாத வீட்டில், எதற்காகச் செய்கிறோம் என்றுகூட அறியாமல் செய்ய வேண்டும். அவன் கிணற்று மேட்டுக்குப் போனால், ராசியில்லாதவள் என்ற பெயரும் அவளுக்குத்தான்.

பொறுப்பாளர் என்று நான் கையெழுத்திட்டிருக்கிறேன். தகப்பன் நேரில் வந்து கேட்டால் அந்தக் கையெழுத்து நிற்காது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உன் பலம் எது என்று உனக்கே சொல்லிவிட்டுச் சண்டையிடுவதுதான் எனக்குப் பழக்கம்.

கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வைத்தியம் முடியட்டும். அவன் நிலைத்து நிற்கட்டும். பிறகு பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவள் சம்மதித்தால் கட்டி வை. நான் வந்து, கைம்பெண் எதிரில் வராதபடி, பின்பக்கம் எங்கேயாவது மறைவாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

முத்தாயம்மாள்


ஆட்டையாம்பட்டி
9 அக்டோபர் 1939

அக்காவுங்களுக்கு,

நீங்க ஆஸ்பத்திரிக்கு வாரதுக்கு முன்னாலயே வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். நீங்க வந்து நின்னு பேசினா என்னால பதில் பேச முடியாதுன்னு தெரியும். சின்ன வயசுலருந்தே முடிஞ்சதில்லை. அதனாலதான்.

டாக்டர் வேண்டாம்னு ரொம்ப நேரம் சொன்னாரு. பையன் துணிமணியை மடிச்சு எடுத்துக்கிட்டான். "அத்தைகிட்டச் சொல்லிட்டுப் போலாமுங்களா"ன்னு மட்டும் கேட்டான். ரயிலுக்கு நேரமாச்சுன்னேன். ரயில்ல நல்லாத்தான் இருந்தான். காப்பி வாங்கிக் குடிச்சான். காட்பாடி தாண்டினதும் எனக்கு மேல்துண்டை மடிச்சுத் தலைக்கு வெச்சு உட்டான். நோயாளி செய்யற காரியமுங்களா இது?

நீங்க எழுதினதெல்லாம் படிப்புக்குச் சரியா இருக்கும். ஊட்டுக்குள்ள நடக்கறது வேறங்க. பெத்தவங்களுக்குத்தான் அது தெரியும். புள்ளை பெறாதவங்களுக்கு எழுதிப் புரிய வைக்க முடியாது.

கார்த்திகையில உப்புச் சர்க்கரை மாத்தறதாப் பேசியிருக்கோம். நிச்சயம் அன்னைக்கே ஆயிரும்.

சின்னுசாமி


புரசைவாக்கம்
14 அக்டோபர் 1939

சின்னுசாமிக்கு,

வழக்கமான நேரத்துக்குப் போனேன். அந்தக் கட்டிலில் வேறு ஒருவன் படுத்திருந்தான். அவன் கண் விழிக்கும்போது அவனுக்குத் தெரிந்த முகம் யாரும் இல்லை. நான் உட்கார்ந்து ஊட்டிவிட்டு வந்தேன்.

உன் கடிதத்தின் மூன்றாவது பத்தியைப் பற்றி ஒன்று. நான் பிள்ளை பெறாதவள் என்பது உண்மை. பதினாறு வயதில் அதற்கான வழி அடைபட்டுவிட்டது. நீ தெரிந்தே எழுதினாய், நான் தெரிந்தே படித்தேன்.

இனி அவனைப் பார்த்துக்கொள்ளும் விதம். சாப்பாட்டைப் பொன்னாத்தாள் அவன் எதிரில் முதலில் ஒரு வாய் தின்றுவிட்டு வைக்கட்டும். கேலி செய்யக் கூடாது. உருளை பேசவில்லை என்று வாதாட வேண்டாம். பேசுகிறது என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் நேரத்தில் அவனுக்குத் தூரத்தில் வேலை கொடு. தனியாக விடாதே. கட்டாதே. கை கால் நடுங்கினாலோ, மூன்று வேளை தொடர்ந்து சாப்பிடாவிட்டாலோ உடனே தந்தி கொடு. என்மேல் உள்ள கோபத்தை அதற்குள் கொண்டுவராதே.

பெண்ணிடம் சொல்லிவிடு. இதைத் தவிர உன்னிடம் நான் கேட்க ஒன்றும் இல்லை.

முத்தாயம்மாள்


ஆட்டையாம்பட்டி
4 டிசம்பர் 1939

அக்காவுங்களுக்குத் தம்பி வணக்கமாய் எழுதுவது.

ரெண்டு மாசமா உங்களுக்கு எழுதாம இருந்துட்டேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலைங்க. நடந்ததை அப்படியே எழுதிடறேன்.

நீங்க சொன்னபடி பொன்னாத்தா ஒவ்வொரு வேளையும் தின்னு காட்டித்தான் போட்டா. அவனும் தின்னான். ஐப்பசி வரைக்கும் ஒண்ணும் தெரியலை. பொறவு கெணத்துல கவலை ஓட்டித் தண்ணி எறைக்கற நேரத்துல காதைப் பொத்திக்கிட்டுக் கரும்புக் காட்டுப் பக்கம் போக ஆரம்பிச்சான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். நாள் குறிச்சாச்சு பாருங்க.

உப்புச் சர்க்கரைக்கு மாப்பிள்ளை போற வழக்கமில்லை. மச்சான்தான் பார்த்து நாளாச்சு, கூட்டியாங்கன்னு சொல்லி அனுப்பினாரு. திருச்செங்கோட்டுல அவரு ஊட்டுல பெரியவங்க எல்லாரும் கூடியிருந்தாங்க. நடுவுல ஒரு தட்டுல உப்பு, ஒரு தட்டுல சர்க்கரை. மாத்தறதுக்கு முன்னால மச்சான் சும்மா பேச்சுக்குக் கேட்டாரு: "ஏனுங்க மாப்பிள்ளை, பட்டணத்துல எந்த வக்கீலுங்க?"

இவன் எந்திரிச்சு நின்னான். அவன் சொன்னதை மறக்க முடியலைங்க, அப்படியே எழுதறேன்.

"வக்கீல் இல்லீங்க மாமா. ஆஸ்பத்திரி. கெணத்து உருளை பேசறது எனக்குக் கேக்குமுங்க. மருந்து போட்டாங்க, கொறைஞ்சுது. பாதியில நின்னு போச்சு, மறுபடி கேக்குது. வசந்தாமணிகிட்ட யாரும் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். அதனால நான் சொல்றேன்."

சொல்லிப்போட்டு உக்காந்துட்டான். குரல்ல ஒரு நடுக்கமில்லை. அந்த எடத்துல புத்தியோட பேசினது அவன் ஒருத்தன்தானுங்க.

மச்சான் அவனைப் பார்க்கலை. என்னைப் பார்த்தாரு. "எத்தனை நாளா மச்சான்?"ன்னாரு.  அவரு சத்தம் போட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். துண்டை எடுத்து ரெண்டு தட்டையும் மூடினாரு, அவ்வளவுதான். வண்டி கட்டறதுக்குள்ள எங்களுக்குக் கட்டுச்சோறு கட்டிக் குடுக்கச் சொன்னாரு. பொன்னாத்தா அண்ணன் மூஞ்சியைப் பார்க்காமலே வண்டியில ஏறினா.

கெளம்பற நேரத்துல அந்தப் புள்ளை வசந்தாமணி ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்துது. சோறு போட்டப்ப பொன்னாத்தா தின்னு காட்டினதைப் பார்த்திருக்கும்போல. உள்ளங்கையில கொஞ்சம் ஊத்தி அது குடிச்சுது. பொறவு சொம்பை இவன்கிட்ட நீட்டி, "குடிங்க, ஒண்ணும் கலக்கலை"ன்னுது. எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க. இவன் குடிச்சான். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியலை. பரமத்தி எடத்துக்கு மச்சான் சரின்னு சொல்லிட்டதாக் கேள்வி.

வண்டியில "என்னை அத்தைகிட்டக் கொண்டுபோய் உட்டுருங்க"ன்னான். ஊடு வந்ததும் படுத்தவன் நேத்துலருந்து சாப்பிடலை. அவ தின்னு காட்டினாலும் வாயைத் தொறக்க மாட்டேங்கறான். கட்டலைங்க. நான்தான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். இதையும் அங்க உக்காந்துதான் எழுதறேன்.

கூட்டியாரட்டுங்களா? மருந்து இருக்குதான்னு கேட்டு எழுதுங்க. புள்ளை பெறாதவங்கன்னு நான் எழுதினதை எந்த வாயால திரும்ப வாங்கறதுன்னு தெரியலை.

ஒண்ணு மட்டும் எனக்கு இன்னமும் புரியலைங்க. ஊசியை நிறுத்தக் கூடாதுன்னு நீங்க சொன்னது சரி. கண்ணாலத்துக்கு ஏன் அத்தனை ஆத்திரப்பட்டீங்க? ஒரு பொண்ணு வந்தா நல்லாயிருவான்னு நெனைச்சது அவ்வளவு பெரிய பாவமுங்களா? நம்ம அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு நெனைச்சு நெனைச்சுப் பார்க்கறேன்.

தம்பி
சின்னுசாமி


புரசைவாக்கம்
6 டிசம்பர் 1939

தம்பி சின்னுசாமிக்கு,

அழைத்து வா. இன்று டாக்டரைப் பார்த்தேன். மருந்து முன்போல் இல்லை. ஆனால் ஒருவனுக்கு முழு வைத்தியம் செய்யும் அளவு இருக்கிறது, பழைய இடத்திலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். சரி என்றேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே புறப்படு. வழியில் சர்க்கரைத் தண்ணீராவது குடிக்கச் செய். பொன்னாத்தாளையும் கூட்டி வா. அவன் கண் விழிக்கும்போது எதிரில் உட்காருவது எப்படி என்று அவளுக்கு நான் சொல்லித் தருகிறேன். அவள் எள்ளுருண்டை கொண்டுவரலாம். எள்ளும் வெல்லமும் மட்டும்.

அவன் திருச்செங்கோட்டில் சொன்னதை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னார். குணமாகும் என்று இன்றும் சத்தியம் செய்யவில்லை.

பரமத்திக்காரனை மணந்து வசந்தாமணி நன்றாக இருக்கட்டும். அவள் தண்ணீர் கொடுத்ததற்கு அர்த்தம் தேடாதே. அவனுக்குத் தாகமாக இருந்தது. அவன் குடிப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவள் கவனித்திருந்தாள். உங்கள் எல்லாரையும்விட அவள் அங்கே அதிகம் கவனித்திருக்கிறாள்.

என்னைப் பற்றி எழுதியதைத் திரும்ப வாங்க வேண்டாம். நான் அதற்குப் பதில் எழுதியாயிற்று. கணக்கு நேர்.

இனி உன் கேள்வி.

1894 தை மாதத்தில் என்னைத் தம்மம்பட்டிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். உனக்கு அப்போது ஐந்து வயது. வண்டி மாட்டுச் சலங்கை வேண்டும் என்று அழுதாய். அதற்கு மேல் உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. அடுத்த வருஷம் என் கணவர் காலராவில் போனதாக உனக்குச் சொன்னார்கள். அந்த மாதம் அங்கே காலரா இருந்தது. ஆகவே ஒருவரும் வேறு கேட்கவில்லை.

அவர் பெயர் தீர்த்தகிரி. நாற்பத்து நான்கு வருஷத்தில் இந்தப் பெயரை இப்போதுதான் எழுதுகிறேன். அவருக்கு வீட்டு உத்தரம் பேசுவது கேட்டது. உருளைக்குப் பதில் உத்தரம், வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் முதல் நாள் சரவணமுத்து வாயைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் கேட்ட கேள்விக்கு நான் பள்ளிக்கூடத்தைச் சொல்லித் தப்பித்தேன்.

அவர் கெட்டவர் அல்லர். என்னை ஒருநாளும் அடித்ததில்லை. தெளிந்திருக்கும் நாட்களில் என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டார். அப்படி ஒரு நாள், கொல்லிமலையிலிருந்து வந்த பலாப்பழத்தில் ஒரு சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி என் கையில் கொடுத்தார். "நீ உங்க ஊருக்குப் போயிடு அம்மணி. உன்னை எனக்கு மருந்துன்னு கட்டியாந்திருக்காங்க. நீ சின்னப் பிள்ளை" என்றார். எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆனியில் அவர் கிணற்றில் விழுந்து இறந்தார். நான் வந்த வேளை சரியில்லை என்று அவர் தாயார் சொன்னார். எனக்குப் பதினாறு வயது.

நீயும் ஊராரும் நாற்பது வருஷமாகப் புகழும் அந்தப் படிப்புக்கு வருகிறேன். அப்பா எவரையும் எதிர்த்து, எதையும் சாதிக்க என்னைப் படிக்க வைக்கவில்லை. அவர் எனக்குக் கொடுத்தது நஷ்டஈடு. நல்ல நஷ்டஈடு, ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்துத்தான் இன்றுவரை சாப்பிடுகிறேன். ஆனால் அதன் பெயர் தைரியம் அன்று.

என்னைப் பட்டணத்துக்கு அழைத்து வந்த நாளில், சூரமங்கலம் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.  வண்டி கண்ணுக்குத் தெரிந்ததும் எழுந்து நின்று, என்னைப் பார்க்காமல் ஒரே ஒரு பேச்சுப் பேசினார். அதற்குப் பிறகு, சாகும்வரை, அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவரிடமும் சொன்னதுமில்லை.

"மாப்பிள்ளைப் பையனுக்கு இப்படின்னு எனக்கு முன்னமே தெரியும் அம்மணி. பூக் கேட்டேன். வெள்ளைதான் வந்துது."

அக்கா
முத்தாயம்மாள்